எங்க அண்ணனுக்கு மட்டும் செப்டம்பரில் தொழிலாளர் தினம்

போன செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. வழக்கமாக அந்த நேரத்துக்கு எங்கள் தெருமுனையில் கம்பெனி கேப் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அண்ணன் ஒரு கையில் இட்லியும் இன்னொரு கையில் ஐ.டி. கார்டுமாக ஓடுவான். அன்றைக்கு ஹாரனும் இல்லை, ஓட்டமும் இல்லை. லுங்கியோடு டி.வி. முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்டா, இன்னிக்கு வேலைக்குப் போகலையா?”

“லீவும்மா. லேபர் டே.”

“அப்படின்னா?”

“தொழிலாளர் தினம்.”

“அது மே மாசம்ல வரும்?”

“அது நமக்கு. இது அமெரிக்காக்காரனுக்கு.”

“நீ எப்படா அமெரிக்காக்காரன் ஆனே?”

அண்ணன் பதில் சொல்லாமல் சேனலை மாற்றினான். அவன் வேலை பார்ப்பது சென்னையில்தான். ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்குவழக்குகளைப் பார்த்துக் கொடுக்கும் அலுவலகம். அந்த ஊர்க்காரன் விழித்திருந்தால் இவனும் விழித்திருக்க வேண்டும், அவன் தூங்கினால் இவனும் தூங்கலாம். விடுமுறைப் பட்டியலும் அப்படியே. மே 1 அன்று எங்கள் தெருவே லீவில் இருக்க, கேப் வந்தது, இவன் போனான். (ஈடாக வேறொரு நாள் விடுப்பு கொடுத்தார்களாம். சும்மா சொல்லக்கூடாது.)

அம்மா கேட்டது அதோடு முடிந்துவிட்டது. எனக்குத்தான் மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரே தொழிலாளர் தினம், நமக்கு மே, அவர்களுக்கு செப்டம்பர். தேடிப் பார்த்தால் நியூசிலாந்தில் அக்டோபர், ஜப்பானில் நவம்பர், ஜமைக்காவில் மே 23, ட்ரினிடாடில் ஜூன் 19. ஆஸ்திரேலியா என்கிற ஒரே நாட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு ஒரு தேதி. தீபாவளி கூட இத்தனை தேதியில் வராது!

பி.காம். படிக்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்சட்டப் பாடத்தில் 1958ஆம் ஆண்டு தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம், மேற்கொண்டு ஐந்து பண்டிகை நாட்கள். ஐந்து மார்க் கேள்விக்காக அந்த நான்கு தேதிகளையும் மனப்பாடம் செய்தோம். குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் காந்தி ஜெயந்திக்கும் நடுவே சிகாகோவில் கிளம்பிய ஒரு தேதி எப்படி வந்து உட்கார்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

படித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேதிகள் பஞ்சாங்கம் பார்த்து வைத்தவை அல்ல. தொழிலாளிகள் யாரையும் கேட்காமல் தாங்களே எடுத்துக்கொண்ட நாள் ஒரு ரகம். “இந்தா, வைத்துக்கொள்” என்று அரசாங்கம் எடுத்துக் கொடுத்த நாள் இன்னொரு ரகம். உலகத்தில் இருக்கும் எல்லாத் தொழிலாளர் தினமும் இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவே நடந்த இழுபறியில் விழுந்த தேதிதான்.

கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை. கப்பல் ஏறி நியூசிலாந்து போக வேண்டும். 1840இல் சாமுவேல் பார்னெல் என்ற தச்சர் இங்கிலாந்திலிருந்து வெலிங்டன் பக்கம் போய் இறங்குகிறார். கூட வந்த ஜார்ஜ் ஹன்டர் என்பவருக்கு ஒரு கிடங்கு கட்ட வேண்டும். பார்னெல் கட்டித் தருகிறேன் என்கிறார், ஒரே நிபந்தனை: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி தூக்கம், மீதி எட்டு மணி எனக்கு. லண்டனில் இப்படியெல்லாம் கிடையாதே என்று ஹன்டர் முனகுகிறார். இது லண்டன் இல்லையே என்கிறார் பார்னெல். ஊரில் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய தச்சர்கள்தான், ஹன்டர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. (தேவையும் அளிப்பும் என்று முதல் வருடம் வளைகோடு போட்டுப் படித்தோமே, அதுதான். ஒரே வித்தியாசம், இங்கே தொழிலாளி பக்கம் வளைந்திருக்கிறது.)

அடுத்தது மெல்போர்ன். 1856 ஏப்ரல் 21. பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாக நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி நடந்தார்கள். அப்போது அங்கே தங்கம் கிடைத்து ஊரே செழித்துக்கொண்டிருந்த காலம், கட்டட வேலைக்கு ஆள் பஞ்சம். கூலி குறையாமல் எட்டு மணி நேரம் கிடைத்தது. சிட்னிக் கல்தச்சர்கள் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே வாங்கிவிட்டார்கள். ஆக ஆஸ்திரேலியாவின் ஒவ்வொரு காலனியிலும் எட்டு மணி நேரம் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு போராட்டத்தில் கிடைத்தது. அவரவர் ஜெயித்த கதையை அவரவர் கொண்டாடினார்கள். பிற்பாடு காலனிகள் சேர்ந்து ஒரே நாடானபோது தேதிகள் மட்டும் சேரவில்லை. இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்ச் முதல் திங்கள், விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் மார்ச் இரண்டாவது திங்கள், குயின்ஸ்லாந்தில் மே முதல் திங்கள், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அக்டோபர் முதல் திங்கள். டாஸ்மேனியாவில் அதற்குப் பெயரே இன்னும் ‘எட்டு மணி நேர நாள்’தான். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருக்கிறது. எதற்காக லீவு என்பது பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்.

நியூசிலாந்தில் 1890 அக்டோபர் 28 அன்று முதல் தொழிலாளர் தினம் கொண்டாடினார்கள். வயதான பார்னெலும் வந்திருந்தார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் இறந்துபோனார். அதன்பின் சில வருடங்கள் ஊருக்கு ஒரு தேதியில் கொண்டாட்டம் நடந்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த கிளைக்கதை. கப்பல் முதலாளிகள் அரசாங்கத்திடம் புகார் செய்தார்களாம்: மாலுமிகள் இந்தத் துறைமுகத்தில் ஒரு தொழிலாளர் தினம் லீவு எடுக்கிறார்கள், கப்பல் அடுத்த துறைமுகம் போனால் அங்கே இன்னொரு தொழிலாளர் தினம் எடுக்கிறார்கள்! 1899இல் சட்டம் போட்டு அக்டோபர் இரண்டாவது புதன்கிழமை என்று நாடு முழுக்க ஒரே நாளாக்கினார்கள். 1910இல் அதையும் அக்டோபர் நான்காவது திங்களுக்குத் தள்ளினார்கள். மாலுமிகளின் அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்க அண்ணனுக்கு இல்லை. அவன் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியசாலியாக இருந்தால் மே 1, செப்டம்பர் இரண்டையும் வாங்கியிருப்பான்.

சரி, இப்போது அமெரிக்கா. இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டு இடத்தில் ஒரே கதைதான் வருகிறது: சிகாகோ தியாகிகளின் மே 1ஐ மறக்கடிப்பதற்காக அமெரிக்க அரசாங்கம் செப்டம்பரைக் கண்டுபிடித்தது என்று. நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன், அண்ணனிடம் வீராவேசமாகச் சொல்லவும் செய்தேன். வருடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் உதைத்தது.

நியூயார்க்கில் முதல் தொழிலாளர் தின ஊர்வலம் நடந்தது 1882 செப்டம்பர் 5. சிகாகோ சம்பவம் 1886. நாலு வருடம் முந்தி! அதை நடத்தியது அரசாங்கமும் இல்லை, நியூயார்க் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு. அன்று செவ்வாய்க்கிழமை. ஊர்வலத்தில் வந்தவர்கள் எல்லாம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். சுமார் 10,000 பேர் நடந்தார்கள், பிறகு ஒரு பூங்காவில் குடும்பத்தோடு சாப்பாடு, பேச்சு, பாட்டு. ஏன் செப்டம்பர் என்பதற்குச் சொல்லப்படும் காரணம் ரொம்ப சாதாரணம்: ஜூலை 4 சுதந்திர தினத்துக்கும் நவம்பர் மாத நன்றி நவிலல் நாளுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி, அதில் ஒரு விடுமுறை இருந்தால் நல்லது. 1884இலிருந்து அவர்களே செப்டம்பர் முதல் திங்கள் என்று வைத்துக்கொண்டார்கள். 1887இல் ஆரெகன் மாநிலம் முதன்முதலாகத் தொழிலாளர் தினத்துக்குச் சட்டம் போட்டது, பின்னாலேயே மற்ற மாநிலங்கள். (இந்த யோசனை முதலில் யாருடையது என்பதில் ஒரு சண்டை. தச்சர் சங்கத்தின் பீட்டர் மெக்வயரா, இயந்திரத் தொழிலாளி மேத்யூ மக்வயரா? பெயரைப் பார்த்தால் நூறு வருடமாக ஏன் குழம்புகிறார்கள் என்பது புரியும்.)

அப்படியென்றால் மே 1? அதுவும் அமெரிக்கச் சரக்குதான், அதே தொழிற்சங்கக்காரர்களுடையதுதான். 1884இல் சிகாகோவில் கூடிய சங்கங்களின் மாநாடு ஒரு கெடு வைத்தது: 1886 மே 1 முதல் எட்டு மணி நேரம்தான் ஒரு நாள் வேலை. மே 1 ஒன்றும் புனிதமான தேதி இல்லை. அன்றைய நியூயார்க்கில் வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊரே மூட்டை கட்டி வீடு மாறும் நாள் அது. பல தொழில்களில் புது ஒப்பந்தம் பேசும் பருவமும் அதுதான். நமக்கு ஏப்ரல் 1 கணக்கு வருடம் தொடங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1886 மே 1, சனிக்கிழமை. அமெரிக்கா முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிகாகோதான் மையம். மே 3 அன்று அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். கூட்டம் முடிகிற நேரம், மழை தூறல், பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். போலீஸ் வந்து கலைந்து போகச் சொன்னபோது எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. ஏழு போலீஸார் இறந்தார்கள், போலீஸ் சுட்டதில் பொதுமக்களும் இறந்தார்கள். எட்டுப் பேர் மேல் வழக்கு. குண்டு எறிந்ததற்கு ஒருவர் மேலும் சாட்சி நிற்கவில்லை, ஆனாலும் தண்டனை நின்றது. 1887 நவம்பர் 11 அன்று நால்வரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் அதற்கு முந்தின நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சம் இருந்த மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்தார், விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டு. அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆக 1894 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுமே தொழிலாளர்கள் பெற்ற பிள்ளைகள். ஒன்று ஊர்வலமும் விருந்துமாக வளர்ந்த பிள்ளை. இன்னொன்று வேலைநிறுத்தமும் தூக்குமேடையும் பார்த்த பிள்ளை. அந்த வருடம்தான் அரசாங்கம் எதைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தது.

அந்தச் சூழ்நிலையைக் கொஞ்சம் கவனியுங்கள், காமர்ஸ் பசங்களுக்குச் சுவாரசியமானது. 1893இல் பெரிய பொருளாதார மந்தம். ரயிலில் படுக்கை வசதிப் பெட்டிகள் செய்யும் புல்மன் கம்பெனி சிகாகோ பக்கத்தில் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தது. வீடு கம்பெனியுடையது, வாடகை கம்பெனிக்கு. ஆர்டர் குறைந்ததும் கம்பெனி கூலியை வெட்டியது. வாடகையை மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை. ஒரே பேரேட்டில் வரவுப் பக்கம் சுருங்க, பற்றுப் பக்கம் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? 1894 மே 11 அன்று வேலைநிறுத்தம். ஜூன் 26 முதல் யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே சங்கம் புல்மன் பெட்டி கோத்த வண்டிகளைத் தொடமாட்டோம் என்றது. மேற்கே போகும் ரயில்கள் முடங்கின. ஜூன் 28 அன்று ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட், செப்டம்பர் முதல் திங்களைத் தொழிலாளர் தின விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் கூட ஆகவில்லை, ஜூலைத் தொடக்கத்தில் அதே கையெழுத்தில் சிகாகோவுக்கு ராணுவம் போனது. பலர் செத்தார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது, டெப்ஸ் பிறகு சிறைக்குப் போனார்.

கிளீவ்லண்ட் செப்டம்பரைக் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இதைத்தான் நான் அண்ணனிடம் தப்பாகச் சொல்லியிருந்தேன். இப்படித் திருத்திச் சொல்லும்போது கதை பலவீனமாகிவிடுகிறது என்று சிலர் நினைக்கலாம். எனக்கென்னவோ இதுதான் இன்னும் உறைக்கிறது. தடை செய்வதை விட, இரண்டு பிள்ளைகளில் சாதுவான பிள்ளையைப் பார்த்து மடியில் தூக்கி வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! அதே 1894 ஜூலையில் கனடாவும் அதே செப்டம்பர் திங்களைச் சட்டமாக்கியது. கனடாவின் உண்மையான நினைவு நாள் ஏப்ரலில் வந்திருக்க வேண்டும்: 1872 ஏப்ரல் 15 அன்று டொரான்டோவில் அச்சுத் தொழிலாளர்களுக்காகச் சுமார் 10,000 பேர் திரண்டார்கள், சங்கத் தலைவர்களைக் கைது செய்தார்கள், அதன் விளைவாகத் தொழிற்சங்கத்தையே குற்றமாகப் பார்க்கும் சட்டம் மாறியது. தேதி மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது.

அமெரிக்கா வேண்டாம் என்று வைத்த மே 1 உலகத்துக்கு எப்படி வந்தது? 1889 ஜூலையில், பிரெஞ்சுப் புரட்சியின் நூறாவது ஆண்டில், பாரிஸில் பல நாட்டு சோசலிஸ்டுகள் கூடினார்கள். எல்லா நாட்டிலும் ஒரே நாளில் எட்டு மணி நேரம் கேட்டு இறங்க வேண்டும் என்று தீர்மானம். எந்த நாள்? அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1890 மே 1 அன்று மீண்டும் இறங்குவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தது, அதையே வைத்துக்கொள்வோம் என்றார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவைக்கு என்று போட்ட தீர்மானம். அது பிடித்துக்கொண்டது.

1890 மே 1 வியாழக்கிழமை. இங்கேதான் எனக்கு விஷயத்தின் முடிச்சே இருக்கிறது. வியாழக்கிழமை ஊர்வலம் போனால் கூலி போகும், வேலையே கூடப் போகலாம். வியன்னாவில் துணிந்து அன்றே போனார்கள். லண்டன்காரர்கள் யோசித்தார்கள், மே 4 ஞாயிற்றுக்கிழமை ஹைட் பார்க்கில் கூடினார்கள். கூட்டம் என்னவோ பிரமாண்டம், வயதான எங்கெல்ஸ் பார்த்து மகிழ்ந்து போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடினால் எந்த மில்லின் சக்கரமும் நிற்காது. ‘தேதி முக்கியமா, வசதி முக்கியமா’ என்ற இந்தத் தகராறு ஐரோப்பா முழுக்க வருடக்கணக்கில் ஓடியது. பிரான்ஸில் ஃபோர்மீ என்ற ஊரில் 1891 மே 1 ஊர்வலத்தின் மேல் ராணுவம் சுட்டு ஒன்பது பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கடைசிவரை வசதியின் பக்கம்தான். 1978இல்தான் அங்கே மே விடுமுறையே வந்தது, அதுவும் மே முதல் திங்கள். 2020இல் உலகப் போர் வெற்றியின் 75ஆம் ஆண்டு என்று அதையும் மே 8 வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்கள்.

அரசாங்கங்கள் தேதியோடு விளையாடிய விதங்களைத் தனிப் புத்தகமே போடலாம். முசோலினி 1923இல் மே 1ஐ ஒழித்துவிட்டு, ரோம் நகரம் பிறந்ததாகச் சொல்லப்படும் ஏப்ரல் 21ஐ உழைப்பின் நாளாக்கினார். (மெல்போர்ன் கல்தச்சர்கள் நடந்த அதே ஏப்ரல் 21. அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை வரும்.) ஹிட்லர் அதை விடக் கெட்டிக்காரர். ஜெர்மன் தொழிலாளர்கள் நாற்பது வருடமாகக் கேட்டும், 1919 என்ற ஒரு வருடம் தவிர நாடு முழுவதற்குமான விடுமுறையாகக் கிடைக்காத மே 1ஐ, 1933இல் சம்பளத்தோடு விடுமுறையாக அறிவித்தார். பெர்லினில் மாபெரும் விழா. மறுநாள் மே 2 காலை தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் அவருடைய படை புகுந்தது, தலைவர்கள் கைதானார்கள், சங்கங்கள் முடிந்தன. லீவு கொடுத்த கை எது என்று பார்க்காமல் தேதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

ஜப்பானில் நவம்பர் 23, ‘உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள்’. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! அது பேரரசர் புது நெல்லைப் படைக்கும் பழைய அறுவடைச் சடங்கின் நாள், நம்ம பொங்கலுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். போருக்குப் பின் 1948இல் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைத்தார்கள். தென்கொரியாவில் 1958இலிருந்து மார்ச் 10, அரசுக்கு வேண்டிய சங்கக் கூட்டமைப்பு தொடங்கிய நாள். 1994இல்தான் மே 1 திரும்பி வந்தது. இதற்கெல்லாம் எதிர்த்திசையில் கரீபியத் தீவுகள். 1938இல் ஜமைக்காவில் கரும்புத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வெடித்த கிளர்ச்சியின் நினைவாக மே 23. அதற்கு மறுநாளான மே 24தான் விக்டோரியா ராணியின் பிறந்தநாள், ‘பேரரசு தினம்’. 1961இல் அந்த விடுமுறையை எடுத்துவிட்டுத் தங்கள் நாளை வைத்தார்கள். ட்ரினிடாடின் ஜூன் 19, 1937இல் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள். இந்த இரண்டு தேதிகளும் வெளியூர்ச் சரக்கு இல்லை, சொந்த ரத்தம்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். குயின்ஸ்லாந்தில் 1891 மே 1 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆட்டுரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் பார்கல்டைன் என்ற சின்ன ஊரில் ஊர்வலம் போனார்கள், அங்கே மே மாதம் ஊன்றியது. 2012இல் வந்த அரசு, விடுமுறைகள் ஆண்டு முழுக்கச் சீராக இருக்கட்டும் என்று சொல்லி அதை அக்டோபருக்கு மாற்றியது. 2013, 2014, 2015 மூன்று வருடம் அக்டோபர். ஆட்சி மாறியது, 2016இல் மறுபடி மே. ஒரு லீவுக்கு இத்தனை கைகலப்பா என்று தோன்றும். லீவு நாள் எண்ணிக்கை ஒன்று கூடக் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். சண்டை முழுக்கத் தேதிக்குத்தான்.

நம் ஊருக்கு வருவோம். 1918 ஏப்ரலில் சென்னையில் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியாகிவிட்டது, வாடியா, திரு.வி.க. எல்லாம் அதில் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் கடற்கரையில் இரண்டு கூட்டம் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இந்தியாவின் முதல் மே தினம் அதுதான். அவருக்கு அப்போது வயது 63. அன்று நடைமுறையில் இருந்த 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. எட்டு மணி நேரம் என்பது அந்த மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்! வாரம் 48 மணி நேரம் சட்டத்தில் வர 1946 ஆனது. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை 1959. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்களில் நானும் ஒருவன், தேதியெல்லாம் அன்று தெரியாது.

இங்கேயும் தேதிப் போட்டி உண்டு. பாரதிய மஸ்தூர் சங்கம் மே 1ஐ ஏற்பதில்லை, செப்டம்பர் 17 விசுவகர்மா ஜெயந்தியைத்தான் தேசியத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறது. இலங்கையில் 2018இல் வெசாக் வாரம் குறுக்கிடுகிறது என்று அரசு மே 1 விடுமுறையை மே 7க்கு மாற்றியது. சில சங்கங்கள் விடுமுறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மே 1 அன்றே கூட்டம் போட்டன. லண்டன்காரர்களின் அதே 1890 கேள்வி, வேறு கடற்கரையில்.

இப்போது அந்த ஏப்ரல் 21. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. விரும்பும் தொழிற்சாலைகள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வைத்துக்கொள்ள வழி செய்யும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்று நாளில் நிறுத்திவைப்பதாக அறிவிப்பு. அப்புறம் மே 1 வந்தது. சிங்காரவேலர் கூட்டம் போட்டு சரியாக நூறு வருடம். சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் மரியாதை செலுத்தப் போன முதல்வர், மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே அறிவித்தார். எதிர்ப்பு இருந்தது, கூட்டணிக் கணக்கு இருந்தது, எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த வாரத்தில் மே 1 மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்தத் தேதிக்கு நூறு வருட ஞாபகம் இல்லாமல் போயிருந்தால், அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா? செப்டம்பரில் ஒரு நீண்ட வார இறுதியால் அதைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் உட்கார்ந்து சொன்னேன், என் பழைய கதையைத் திருத்திக்கொண்டு. பொறுமையாகக் கேட்டான். “அப்ப என் லீவு அந்த ராணுவம் அனுப்பினவர் கையெழுத்துப் போட்ட லீவா?” என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “மே ஒண்ணாம் தேதி அன்னிக்கு எங்க ஃப்ளோர்ல நாப்பது பேர் இருந்தோம்டா. ஒருத்தர் கூட அன்னிக்கு என்ன நாள்னு பேசல. கேன்டீன்ல மட்டும் பாதி ஆள் இல்ல, சாப்பாடு லேட்டு” என்றான்.

அம்மா தையல் மெஷினில் இருந்தார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர், பிளவுஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஏன்டா, இதுல எந்தத் தேதி எனக்கு?” என்றார்.

நான் அந்த 1958 சட்டத்தை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கொடுக்க வேண்டுமாம்.